முன்னாள் படைவீரர் உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவு

தரைப்படை, கடற்படை, வான்படை ஆகியவற்றில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் சொந்த ஊருக்கு வெளியே இறக்கும்போது, அவரது உடலை ஊருக்குக் கொண்டுவர ஆகும் வாகன, ரயில், விமானச் செலவைக் குடும்பத்துக்குத் திருப்பித் தருவது உடல் போக்குவரத்துச் செலவு ஈடு எனப்படும். இதைப் பற்றிய பேச்சில் மூன்று வெவ்வேறு ஏற்பாடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. அரசே தன் செலவில் உடலைக் கொண்டுவந்து ஒப்படைப்பது ஒன்று. குடும்பம் முதலில் செலவழித்து, ரசீதைக் காட்டிப் பணத்தைத் திரும்பப் பெறுவது இன்னொன்று. வழிச்செலவு எவ்வளவு ஆனது என்று பாராமல், ஈமச்சடங்குக்கென ஒரு குறிப்பிட்ட தொகையை வழங்குவது மூன்றாவது.

இந்தியாவில் முதல் ஏற்பாடு பணியில் இருக்கும்போது இறப்பவருக்கு உரியது. ஓய்வுபெற்றவரின் குடும்பத்துக்குப் பெரும்பாலும் கைக்கு எட்டுவது மூன்றாவதுதான். இந்த வேறுபாடு தெரியாமல், ‘மிலிட்டரிக்காரர்தானே, அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்’ என்று நம்பி மருத்துவமனை வாசலில் நிற்கும் குடும்பங்கள் உண்டு. கோவில்பட்டியைச் சுற்றிய கரிசல் வட்டாரத்தில் இது ஏட்டளவிலான கேள்வி அல்ல.

கரிசலும் பட்டாளமும்

கோவில்பட்டி, கயத்தாறு, எட்டயபுரம், விளாத்திகுளம் பகுதிகள் வடகிழக்குப் பருவமழையை நம்பிய கரிசல் பூமி. பருத்தி, சோளம், கம்பு, உளுந்து, பாசி, மிளகாய் எல்லாம் ஒரு மழை தவறினால் வீடு வந்து சேராது. தீப்பெட்டித் தொழிலும் நூற்பாலையும் கடலைமிட்டாயும் கோவில்பட்டி நகரைத் தாங்கின. சுற்றுப்பட்டிக் கிராமங்களில் மாதச் சம்பளமும் பின்னாளில் ஓய்வூதியமும் தரும் வேலைகளில் பட்டாளம் ஒன்றாக இருந்தது. தீப்பெட்டி ஆபீஸ் கூலியையும் மானாவாரி விளைச்சலையும் பார்த்து வளர்ந்த பையனுக்கு அந்த வேலையின் அருமை எளிதில் புரியும்.

அப்படிப் போனவர்களில் பலர் முப்பத்தைந்து, நாற்பது வயதிலேயே ஓய்வுபெறுகிறார்கள். சிலர் ஊர் திரும்பிக் காடு கரையைப் பார்க்கிறார்கள். பலர் சென்னை, கோயம்புத்தூர், பெங்களூரு போன்ற நகரங்களில் வங்கிக் காவலர், நிறுவனக் காவலர் வேலைக்குப் போகிறார்கள். வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். முதுமையில் பிள்ளைகள் இருக்கும் நகரமே வீடாகிவிடுகிறது. நோய் முற்றினால் மதுரையோ சென்னையோ போக வேண்டியிருக்கிறது. ஆக, சாவு எங்கோ நடக்கிறது; சடங்கு மட்டும் ஊரில் நடக்க வேண்டும்.

தென்மாவட்டக் கிராமங்களில் அதை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. நீர்மாலை எடுக்க உறவுக்காரர்கள் வேண்டும். கோடி போட ஆள் வேண்டும். கொள்ளி வைப்பதோ அடக்கம் செய்வதோ ஊர் மயானத்தில் நடக்க வேண்டும். ‘அனாதைப் பிணம் மாதிரி அங்கேயே முடித்துவிட்டார்கள்’ என்ற சொல்லுக்குப் பயந்து கடன் வாங்கியாவது உடலை ஊருக்குக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. கரிசல் இலக்கியத்தின் முன்னோடி கி. ராஜநாராயணன் 2021 மே 17 அன்று புதுச்சேரியில் இறந்தபோது, அவரது உடல் 400 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, கோவில்பட்டிக்கும் கயத்தாறுக்கும் இடையில் உள்ள இடைசெவலுக்கு வந்தது. அங்கே அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்தது. அவர் படைவீரர் அல்ல. ஆனால் எவ்வளவு காலம் வெளியூரில் வாழ்ந்தாலும் உடல் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதில் இந்த வட்டாரத்தின் எண்ணத்தை அந்தப் பயணம் காட்டுகிறது.

உடல் வராத காலம்

படைவீரர் உடல் ஊர் திரும்பும் என்பதே புதிய எதிர்பார்ப்பு. முதல் உலகப்போரின் தொடக்கத்தில், பிரிட்டனின் வசதி படைத்த சில குடும்பங்கள் பிரான்சில் இறந்த தங்கள் மகன்களின் உடலைச் சொந்தச் செலவில் எடுத்துச் சென்றன. முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டனின் பேரன் வில்லியம் கிளாட்ஸ்டன் 1915 ஏப்ரலில் கொல்லப்பட்டபோது, தனி அனுமதியின் பேரில் அவரது உடல் தாயகம் கொண்டுவரப்பட்டது. இதற்குப் பின் அந்த ஆண்டிலேயே உடல்களை எடுத்துச் செல்வது தடை செய்யப்பட்டது. பணம் உள்ளவன் மகன் வீட்டுக்கு வருவான், இல்லாதவன் மகன் அங்கேயே கிடப்பான் என்ற நிலை படைக்குள் கசப்பை உண்டாக்கும் என்பது அதற்கான காரணங்களில் முக்கியமானது. 1917இல் தொடங்கப்பட்ட பேரரசுப் போர்க் கல்லறை ஆணையம் இதையே கொள்கையாக்கியது: அதிகாரியும் சிப்பாயும் ஒரே அளவுக் கல்லின் கீழ், விழுந்த மண்ணிலேயே. வழிச்செலவை யார் ஏற்பது என்பது சமத்துவம் பற்றிய கேள்வி என்று முதலில் உணரப்பட்டது அங்கேதான். அதற்கு அன்று கிடைத்த விடை, யாருக்கும் வேண்டாம் என்பது. பிரிட்டன் அந்த வழக்கத்தை 1982 ஃபாக்லாந்து போருக்குப் பின்னரே தளர்த்தியது.

இந்தியச் சிப்பாய்களுக்கும் அதே விதிதான். காயமடைந்து இங்கிலாந்தின் பிரைட்டன் மருத்துவமனைகளில் இறந்த இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேர் அருகில் உள்ள பாட்சம் குன்றில் தகனம் செய்யப்பட்டார்கள். அந்த இடத்தில் எழுப்பப்பட்ட ‘சத்ரி’ என்னும் வெள்ளைப் பளிங்கு மண்டபம் 1921இல் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் பர்மா முனையில் இறந்து, கல்லறை அறியப்படாத சுமார் 27,000 பேரின் பெயர்கள் ரங்கூன் நினைவிடத் தூண்களில் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களுடைய வீடுகளுக்கு வந்தது தந்தியும் பின்னாளில் ஒரு சிறு ஓய்வூதியமும் மட்டுமே.

விடுதலைக்குப் பின்னும் 1962, 1965, 1971 போர்களில் இறந்தவர்களின் உடல்கள் பெரும்பாலும் போர்முனைக்கு அருகிலேயே தகனமோ அடக்கமோ செய்யப்பட்டன. அஸ்தியும் உடைமைகளும் வீட்டுக்கு அனுப்பப்பட்டன. 1999 கார்கில் போர்தான் திருப்பம். அப்போது உடல்களைத் தேசியக்கொடி போர்த்திய பெட்டிகளில் அவரவர் ஊருக்கே அனுப்ப அரசு முடிவெடுத்தது. தொலைக்காட்சி வழியாக நாடு முழுவதும் அந்த ஊர்வலங்களைப் பார்த்தது. 1999 மே 29 அன்று படாலிக் பகுதியில் இறந்த திருச்சியைச் சேர்ந்த மேஜர் மாரியப்பன் சரவணனின் உடல், சண்டை நடந்துகொண்டிருந்ததால் ஜூலையில்தான் மீட்கப்பட்டது. அத்தனை நாள் ஆன பின்னும் அது திருச்சிக்கு வந்தது. அந்தக் காலத்தில் வாங்கப்பட்ட அலுமினியச் சவப்பெட்டிகளின் விலை பற்றித் தலைமைக் கணக்குத் தணிக்கையர் எழுப்பிய கேள்வி 2001இல் நாடாளுமன்றத்தையே உலுக்கியது. வழக்கு நடந்து, குற்றம் சாட்டப்பட்டவர்கள் 2013இல் விடுவிக்கப்பட்டார்கள். ஒரு பெட்டியின் விலை தேசிய விவாதமாகும் அளவுக்கு, உடலை வீடு சேர்ப்பது அரசின் கடமை என்ற எண்ணம் அதற்குள் வேரூன்றிவிட்டது.

இன்று அது ஒழுங்கான ஏற்பாடு. 2020 ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கில் இறந்த ஹவில்தார் பழனியின் உடல் விமானத்தில் மதுரைக்கு வந்து, அங்கிருந்து இராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூருக்குச் சாலை வழியாகச் சென்றது. 2019 பிப்ரவரி 14 புல்வாமா தாக்குதலில் இறந்த மத்திய ரிசர்வ் காவல் படையினர் 40 பேரில் ஒருவர் கயத்தாறு அருகே உள்ள சவலாப்பேரியைச் சேர்ந்த சுப்பிரமணியன். இத்தகைய மரணங்களில் விமானம், பெட்டி, வாகனம், உடன் வரும் வீரர்கள் என எதற்கும் குடும்பம் பணம் கட்டுவதில்லை.

கோடு எங்கே விழுகிறது

அதே வீரர் ஓய்வுபெற்ற மறுநாள் இறந்தால் இந்த ஏற்பாடு முழுவதும் விலகிப்போகிறது. உடலைக் கொண்டுபோகும் பொறுப்பு அவர் பணியில் இருந்தார் என்பதோடு கட்டப்பட்டது. இருபது ஆண்டு பணியாற்றினார் என்பதோடு அல்ல. சீருடையைக் கழற்றிய பின் அவர் சட்டத்தின் பார்வையில் ஓய்வூதியர்.

கொடி விஷயத்தில் இந்தக் கோடு இன்னும் தெளிவாகத் தெரியும். 1971ஆம் ஆண்டின் தேசியச் சின்னங்களை அவமதிப்பதைத் தடுக்கும் சட்டமும் 2002இன் கொடி விதித்தொகுப்பும், அரசு இறுதிச் சடங்கு, படையினர், துணைப்படையினர் இறுதிச் சடங்கு ஆகியவை தவிர வேறெங்கும் தேசியக்கொடியை உடல்மீது போர்த்த அனுமதிப்பதில்லை. ஓய்வுபெற்றவரின் வீட்டில் அன்பின் மிகுதியால் கடையில் வாங்கிய கொடியைப் போர்த்துகிறவர்களுக்கு இது பெரும்பாலும் தெரியாது.

இன்னொரு கோடும் உண்டு. மத்திய ரிசர்வ் காவல் படை, எல்லைப் பாதுகாப்புப் படை போன்றவற்றில் ஓய்வுபெற்றவர்கள் ஊர்ப்பேச்சில் ‘மிலிட்டரி’தான். ஆனால் அவர்கள் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருவதால் ‘முன்னாள் படைவீரர்’ என்ற வரையறைக்குள் அடங்குவதில்லை. 2012இல் அவர்களுக்கு ‘முன்னாள் மத்திய ஆயுதக் காவல் படையினர்’ என்ற தனிப்பெயர் தரப்பட்டது. அவர்களுக்கென நல வாரியமும் தனியாக உள்ளது. ஒரே தெருவில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் இறந்தாலும், இரண்டு குடும்பங்களும் ஏற வேண்டிய படிகள் வேறு.

அமெரிக்க விதி: ஓர் ஒப்பீடு

ஓய்வுபெற்றவரின் உடலைக் கொண்டுசெல்லும் செலவைத் திருப்பித் தருவதற்குத் தெளிவான சட்டம் உள்ள நாடு அமெரிக்கா. முதல் உலகப்போருக்குப் பின், இறந்தவர் உடல் அயல்நாட்டிலேயே இருக்கட்டுமா, தாயகம் வரட்டுமா என்று அந்நாட்டரசு குடும்பங்களையே கேட்டது. ஏறத்தாழ 46,000 உடல்கள் அப்போது தாயகம் திரும்பின. இரண்டாம் உலகப்போருக்குப் பின் 1,71,000 பேரின் உடல்கள் திரும்பின. இந்த மரபு ஓய்வுபெற்றவர்கள் வரை நீண்டது. முன்னாள் படைவீரர் நலத்துறையின் மருத்துவமனையிலோ, அத்துறை அனுமதித்த சிகிச்சையிலோ இருக்கும்போது ஒருவர் இறந்தால், அவர் உடலை அடக்கம் செய்யும் இடத்துக்குக் கொண்டுபோகும் செலவை அத்துறை ஏற்கிறது. பணியால் நேர்ந்த ஊனம் அல்லது நோயால் இறந்தவரை நாட்டின் தேசியக் கல்லறை ஒன்றில் அடக்கம் செய்தால், அங்கு கொண்டுபோன செலவை ரசீது காட்டிப் பெறலாம். ஆனால் இடம் உள்ள மிக அருகிலான தேசியக் கல்லறை வரையிலான செலவே உச்ச வரம்பு. 2014 ஜூலையில் விதிகள் எளிமையாக்கப்பட்டு, கணவன் அல்லது மனைவிக்கு ஈமச்சடங்குத் தொகை விண்ணப்பம் இல்லாமலே போய்ச் சேரும்படி செய்யப்பட்டது. போக்குவரத்துக்கு மட்டும் ரசீது இன்றும் தேவை.

இதை அப்படியே இந்தியாவுக்குப் பெயர்த்து வைக்க முடியாது. அமெரிக்க விதியில் பயணம் போய்ச் சேரும் இடம் அரசின் கல்லறை; எனவே தூரத்துக்கு ஓர் எல்லை போட முடிகிறது. இங்கே போய்ச் சேரும் இடம் அவரவர் ஊர். சென்னையில் இறந்த இருவரில் ஒருவருக்கு அது தாம்பரமாக இருக்கலாம், இன்னொருவருக்கு விளாத்திகுளம் தாண்டிய ஒரு பட்டியாக இருக்கலாம். ஆனாலும் படை மருத்துவமனையிலோ, படையினர் மருத்துவத் திட்டம் வெளியூருக்கு அனுப்பிவைத்த சிகிச்சையிலோ இறந்தவர் என்ற ஒரு வகையைப் பிரித்தெடுத்து முதலில் கவனிக்கலாம் என்பது அந்த விதியிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்க கருத்து. அவர் அங்கே தானாகப் போகவில்லை, அனுப்பப்பட்டார்.

கணக்கு எவ்வளவு ஆகிறது

சென்னையிலிருந்து கோவில்பட்டி சாலை வழியே சுமார் 550 கிலோமீட்டர். தனியார் அமரர் ஊர்திகள் திரும்பிப்போகும் தூரத்தையும் சேர்த்தே வாடகை கேட்பது வழக்கம். கிலோமீட்டருக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 1,100 கிலோமீட்டருக்கு 22,000 ரூபாய் ஆகிறது. சுங்கச்சாவடிக் கட்டணம், ஓட்டுநர் படி, ஃபிரீசர் பாக்ஸ் வாடகை தனி. மதுரையிலிருந்து என்றால் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். சுமை அதற்கேற்பக் குறையும்.

பலரும் முதலில் அழைப்பது 108. அந்த ஊர்தி உயிரோடு இருப்பவருக்கானது, உடலை ஏற்றுவதில்லை. அரசு மருத்துவமனையில் இறந்தவரின் உடலை வீட்டுக்கோ மயானத்துக்கோ கொண்டுசேர்க்கத் தமிழ்நாட்டில் இலவச அமரர் ஊர்திச் சேவை உள்ளது. இந்தியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் தமிழ்நாடு கிளை வழியாக இது நடத்தப்படுகிறது. அழைப்பு எண் 155377. முன்னாள் படைவீரர் என்ற அடையாளம் இதற்குத் தேவையில்லை. இறந்தது அரசு மருத்துவமனையிலா என்பதே கேள்வி. கோவில்பட்டி அரசு மருத்துவமனை, பாளையங்கோட்டையில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மதுரை இராசாசி மருத்துவமனை ஆகியவற்றில் இறப்பவர்களின் குடும்பத்துக்கு, எந்த ஈட்டுத் தொகையையும் விட இது உடனடியான உதவி. திருப்பிக் கேட்க வேண்டிய செலவே அங்கு உண்டாவதில்லை.

ரயிலிலும் உடலைக் கொண்டுவரலாம். பெட்டியில் அடைத்து, மருத்துவச் சான்றுடன் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். பயணச்சீட்டு எடுத்த ஒருவர் அதே வண்டியில் உடன் வர வேண்டும். கோவில்பட்டியில் விரைவு வண்டிகள் சில நிமிடங்களே நிற்கும் என்பதால், பெட்டியை இறக்குவது பற்றி ஏறும் நிலையத்திலேயே பேசி முடிவு செய்துகொள்வது நல்லது. விமானத்தில் என்றால் உடல் சரக்காகவே பதிவாகிறது. பெட்டியோடு சேர்த்த எடைக்குக் கட்டணம். உடலைப் பதப்படுத்திய சான்று, மருத்துவரின் இறப்புச் சான்று, காவல் துறையின் தடையின்மைச் சான்று ஆகியவை இல்லாமல் ஏற்ற மாட்டார்கள்.

வளைகுடாவில் காவலர் வேலைக்குப் போன முன்னாள் படைவீரர் அங்கே இறந்தால், அவருடைய படைப்பணி அந்த இடத்தில் கணக்கில் வராது; அவர் ஓர் இந்தியக் குடிமகன், ஒரு தொழிலாளி. வேலை ஒப்பந்தப்படி நிறுவனம் செலவை ஏற்க வேண்டுமா என்பது முதலில் பார்க்க வேண்டியது. வழியில்லாதவர்களுக்கு இந்தியத் தூதரகம், 2009இல் தொடங்கப்பட்ட இந்தியச் சமூக நல நிதியிலிருந்து உடலை அனுப்பும் செலவைத் தரலாம். 2023 முதல் ‘இ-கேர்’ என்னும் இணையத்தளம் வழியாக இதற்கான சுகாதார அனுமதி வழங்கப்படுகிறது. விமான நிலையத்திலிருந்து ஊருக்குக் கொண்டுவரத் தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறை ஊர்தி ஏற்பாடு செய்கிறது.

கேட்க வேண்டிய இடங்கள்

ஓய்வுபெற்ற படைவீரரின் மரணத்தில் குடும்பம் நாட வேண்டிய முதல் அலுவலகம், தூத்துக்குடியில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். அது தமிழ்நாடு அரசின் முன்னாள் படைவீரர் நலத்துறையைச் சேர்ந்தது. டெல்லியில் உள்ள மத்தியப் படைவீரர் வாரியத்துக்கான விண்ணப்பங்களும் அதன் வழியாகவே போகும். வாரியத்தின் நல நிதியிலிருந்து, ஹவில்தார் பதவி வரை இருந்தவர்களின் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் ஈமச்சடங்கு நிதி வகுக்கப்பட்டுள்ளது. மேலே கண்ட சென்னைக் கணக்கோடு இதை ஒப்பிட்டால், அது வண்டி திருச்சி வரவும் காணாது. இந்த நிதி தூரத்தை அளந்து வகுக்கப்பட்டதல்ல. ஊரிலேயே இறந்தவருக்கும் வெளியூரில் இறந்தவருக்கும் ஒரே தொகை. வழிச்செலவு ஈடு என்று எண்ணி இதற்கு விண்ணப்பிப்பவர்கள் ஏமாற்றம் அடைவது இயல்பே.

2003 ஏப்ரல் 1 அன்று தொடங்கிய முன்னாள் படைவீரர் பங்களிப்புச் சுகாதாரத் திட்டம் வேறு ஒரு பாதை. பாலிகிளினிக்கின் பரிந்துரைக் கடிதத்துடன் பட்டியலில் உள்ள மருத்துவமனையில் சேர்ந்தவருக்கு, சிகிச்சைக் கட்டணத்தை மருத்துவமனை திட்டத்திடமே கேட்கும். அவசரத்தில் பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் சேர்ந்திருந்தால் பாலிகிளினிக்குக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும். பின்னர் அங்கீகரிக்கப்பட்ட கட்டண விகிதத்தில் பணத்தைக் கோரலாம். இந்தத் திட்டத்தின் மையம் சிகிச்சை. நோயாளியை ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிய ஆம்புலன்ஸ் வாடகையும் இறந்த பின் உடலை ஏற்றிய ஊர்தி வாடகையும் கணக்கில் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே பில்லில் எழுதி வாங்கினால், கிடைக்க வேண்டிய மருத்துவப் பணமும் கேள்விக்குறியோடு திரும்பி வரும். தனித்தனியாக வாங்குவதே சரி.

கட்டணப் பாக்கியைக் காட்டி ஒரு மருத்துவமனை உடலைத் தர மறுப்பதும் முறையல்ல. தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளிகள் உரிமைச் சாசனம், பாக்கிக்காக உடலைப் பிடித்து வைப்பதை ஏற்கவில்லை. பாக்கி இருந்தால் அது வேறு வழக்கு.

தாள்கள்

இறப்பு எங்கே நடந்ததோ அந்த ஊர் உள்ளாட்சியிலேயே பதிவாகும். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 1969 இதைத்தான் சொல்கிறது. அடக்கம் கோவில்பட்டி பக்கத்தில் நடந்ததால் இங்கேயே சான்று கிடைக்கும் என்று நினைத்து ஊருக்கு வந்துவிட்ட பின், மீண்டும் பெங்களூருவுக்கோ புனேவுக்கோ அலைய நேரும். 21 நாள்களுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. மருத்துவமனை பதிவுக்கு அனுப்பிய விவரத்தில் இறந்தவர் பெயரும் ஓய்வூதிய ஆணையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பார்க்க வேண்டும். கரிசல் கிராமங்களில் இந்தத் தொல்லை அதிகம்: படையில் சேரும்போது ஆங்கிலத்தில் எழுதிய பெயர் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று. தகப்பனார் பெயர் முன்னால் வருமா, பின்னால் வருமா என்பதிலேயே ஒரு குடும்பத்தின் விண்ணப்பம் மாதக்கணக்கில் நிற்கும்.

பணத்தைப் புரட்டும் அவசரத்தில் நடக்கும் இன்னொரு தவறு ஓய்வூதியக் கணக்கைப் பற்றியது. இறந்த பின் கணக்கில் வரவாகும் ஓய்வூதியம் குடும்பத்துக்கு உரியதல்ல. ‘ஸ்பர்ஷ்’ ஓய்வூதிய முறையில் இறப்பைத் தெரிவித்ததும் அது திரும்பப் பெறப்படும். ஏடிஎம் அட்டையை எடுத்துப்போய் அந்தப் பணத்தில் வண்டி வாடகை கொடுத்தவர்கள் பின்னால் அதைத் திருப்பிக் கட்ட வேண்டி வருகிறது. இறப்பை உடனே தெரிவிப்பதில் லாபமே உண்டு. ஓய்வுக்குப் பின் இறந்தவரின் மனைவிக்குக் கூடுதல் விகிதக் குடும்ப ஓய்வூதியம் 7 ஆண்டுகளுக்கோ, கணவருக்கு 67 வயது நிறைந்திருக்கும் நாள் வரையோ, எது முன்னதோ அதுவரை கிடைக்கும். அதன்பின் சாதாரண விகிதம். ஒருமுறை கிடைக்கும் வண்டி வாடகையை விட மாதாமாதம் வரும் இந்தத் தொகை பெரிது என்பதால், துக்க வீட்டில் யாராவது ஒருவர் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி ஊர்தி ரசீது. வண்டி ஊருக்கு வந்து நிற்கும்போது அதைக் கேட்க யாருக்கும் மனம் வராது. மழைக்காலமாக இருந்தால் கரிசல் சேற்றில் சக்கரம் புதையும் என்று ஓட்டுநர் தார்ச்சாலையிலேயே நிறுத்தியிருப்பார். ஆள்கள் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்திருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் எவரோ ஒருவர் பணத்தை எண்ணிக் கொடுத்து அனுப்பிவிடுவார். ஆனால் எந்த அலுவலகத்தில் எந்த நிதியைக் கேட்டாலும், காப்பீட்டு நிறுவனமோ பிள்ளை வேலை செய்யும் நிறுவனமோ உதவி செய்ய முன்வந்தாலும், அவர்கள் கேட்பது இந்த ஒரு தாளைத்தான். அதில் இறந்தவர் பெயர், ஏற்றிய இடம், இறக்கிய இடம், தேதி, கிலோமீட்டர், வண்டி எண், வாங்கிய தொகை, உரிமையாளர் கையெழுத்து ஆகியவை இருக்க வேண்டும். பணம் கொடுத்தவராக மனைவியின் பெயரே இருப்பது நல்லது. நல அலுவலகத்துப் பதிவேட்டில் அடுத்த உறவினராக இருப்பது அவர்தான்.